இடது பக்க நெளிவு

காலை எட்டரையிலிருந்து நாலரை வரை
கொள்ளுப்பிட்டிக் கந்தோரில்
நான் நெளிவுகளுக்கு விலை போடுகிறவள்.
கதவு இவ்வளவு, மட்கார்ட் இவ்வளவு,
பழைய நெளிவைப் புதிது என்று எழுதியிருந்தால்
சிவப்புப் பேனை.
பதினொரு வருசம்.
தகரம் எந்த அடிக்கு எப்படி மடங்குமென்று
படத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன்.

இரவு பத்துக்குப் பிறகு
கொட்டாஞ்சேனையில், மூன்றாம் மாடியில்,
சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு
ஐசிங் சீனி அரிக்கிறேன்.
தூள் பறக்குமென்று மின்விசிறியை நிற்பாட்ட
டெறன்ஸ் ஒன்றும் சொல்லாமல்
தலையணையோடு பல்கனிக்குப் போய்விடுவார்.
இந்த ஊர்க் காற்றில் பட்டருக்கு முதுகெலும்பில்லை.
துறைமுகப் பக்கத்து ஈரம் வந்து தொட்டால்
நிமிர்த்தி வைத்த ரோசா எல்லாம்
தூங்கி விழும்.
கிண்ணத்தை ஐஸ் தண்ணீரில் இறக்கி ஏழு நிமிடம்.
திரும்பவும் ஏழு நிமிடம்.

இந்தக் கிழமை ரோசா இல்லை.
மாளிகாவத்தை ஸில்மியாவின் மகன் அக்மலுக்கு
ஆறு வயதாகிறது.
குரல் பதிவில் அவனே சொன்னான்:
"வாப்பா ஓட்டுற பஸ் வேணும்.
நீலம். ஆனா ரொம்ப நீலமில்ல.
இடப்பக்கம் நெளிஞ்சிருக்கும் ஆன்டி,
அத மறந்துறாதீங்க."

ரொம்ப நீலமில்லாத நீலத்துக்கு
நாலு தரம் கலந்து மூன்று தரம் தோற்றேன்.
கடைசியில் ஊசிமுனைக் கறுப்பு ஒன்று
காரியத்தை முடித்தது.
சக்கரத்துக்குச் சொக்கலேட் பிஸ்கட்.
கண்ணாடிகளுக்கு ஜெலற்றின்.
பின்னால் புகை படிந்த இடத்துக்கு
விரல் நுனியில் கொக்கோ.
பக்கங்களை ஒன்றேகால் மணித்தியாலம் தேய்த்தேன்,
ஒரு சுருக்கம் இல்லை,
குனிந்தால் குழல்விளக்குத் தெரிந்தது.

அந்த அழகான பக்கத்தில்
பெருவிரலை வைத்து
அழுத்தினேன்.

சொன்னால் நம்பமாட்டீர்கள்,
யாரும் பார்க்காத நேரம் ஈரச் சீமெந்தில்
கால் பதித்த பிள்ளை மாதிரி இருந்தது எனக்கு.
ஓட்டோ ஒன்று குறுக்கே விழுந்திருக்கும்,
இவர் ஒடித்திருப்பார்,
பின்சக்கரத்துக்கு முன்னால் மதில் உரசியிருக்கும்.
ஆகவே மேலே ஆழம்,
கீழே இழுபட்ட கோடு,
கோட்டின் நுனியில் துரு. அதற்குக் கோப்பித்தூள்.
கோப்பாய் வந்திருந்தால்
ஒரு கேள்வியுமில்லாமல் ஒப்பம் வைத்திருப்பேன்.

டெறன்ஸ் கணக்குப் பார்த்தார்.
முட்டை, பட்டர், பெட்டி, ஓட்டோக்காசு
எல்லாம் போக முந்நூற்றுச் சொச்சம்.
"மணிக்கு நாற்பது ரூபாயும் தேறாது" என்றார்.
ஞாயிற்றுக்கிழமைகளில் முகத்துவாரத்தில்
தூண்டிலோடு நிற்கிறீர்களே,
கிலோ என்ன விலைக்கு விழுகிறதென்று
நான் கேட்டேனா?
அவர் சிரித்து,
ஒட்டிக்கிடந்த ஐசிங்கை வழித்து நக்கினார்.

ஆமர் வீதிக் குழிகளில்
பஸ் என் மடியில் ஏறி இறங்கிப் போனது.
தம்பி மெல்ல, தம்பி மெல்ல.
இறங்கும்போது பெட்டிக்குள் எட்டிப் பார்த்த ஓட்டோத் தம்பி
வெளிறிப் போனான்.
"ஐயோ அக்கா, இந்தப் பக்கம் நசுங்கிப்போச்சே!
நான் மெதுவாத்தானே வந்தேன்..."
காசு வேண்டாமென்று கைகூப்பி நின்றான்.
சிரிப்பை அடக்கி அவனுக்குப் புரியவைப்பதற்குள்
கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

இரவு ஒன்பது மணிக்குக் குரல் பதிவு.
வாய் நிறையக் கேக்கோடு அக்மல்:
நெளிவுத் துண்டு வாப்பாவுக்குத்தானாம்,
வேறு ஒருத்தருக்கும் இல்லையாம்.
பிறகு, மூச்சு விட்டு,
"ஆனா ஆன்டி, கொண்டக்டர் எங்க?"

அதுவும் சரிதான்.
கொண்டக்டர் இல்லாமல் எந்த பஸ் ஓடியது?

மிஞ்சிய நீலத்தில் சட்டை,
கறுப்பில் தலைமயிர்,
விரலிடுக்கில் நெடுக்காக மடித்த தாள்கள்.
மணி பன்னிரண்டரை.
யாரும் கேட்கவில்லை, யாரும் காசு தரப்போவதுமில்லை.

இன்று கந்தோரில் என் கோப்புத் தட்டின் விளிம்பில்
ஒரு கையால் தொங்கிக்கொண்டு நிற்கிறான்,
வாய் திறந்தபடி,
பொறளை, பொறளை என்று.
எறும்புகள் ஏறத் தொடங்கிவிட்டன.