இரண்டு காதுக்கு அறுபது டாலர்

வருஷத்துக்கு இரண்டு முறை
என் காதுகளை வாடகைக்கு விடுகிறேன்.
இடது முப்பது, வலது முப்பது.
தெற்கு டகோட்டா மாநிலம் காசோலை அனுப்பும்,
ஆறு வாரம் தாமதமாக.

பியர் நகரத்தில் ஒரு விடுதியின் கூட்ட அறை.
முந்தின இரவு யாருக்கோ கல்யாணம்;
கம்பளத்தில் இன்னும் ஜிகினாத் தூள்.
காதுக் கருவி பொருத்துகிறவர்களுக்கான உரிமத் தேர்வு,
செய்முறைப் பகுதி.
தேர்வர்கள் வரிசையாக என் தலைக்குள் எட்டிப் பார்ப்பார்கள்.
விளக்கடித்துப் பார்க்க வேண்டும்.
நூல் கட்டிய பஞ்சை உள்ளே தள்ளி
செவிப்பறைக்கு முன்னால் நிறுத்த வேண்டும்.
ரோஸ் நிறக் களிம்பைப் பீய்ச்சிவிட்டு
ஐந்து நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.
பிறகு திருகி எடுத்தால் வருவது
நத்தைக்கும் முந்திரிக்கும் பிறந்த பிள்ளை மாதிரி ஒன்று.
என் காதின் உட்புறம்.
ஒன்றைக் கேட்டு வாங்கி
சாவிக்கொத்தில் மாட்டியிருக்கிறேன்.

தானியக் கிடங்கு விசிறிகள்
முப்பது வருஷம் தின்றது போக மிஞ்சிய காதுகள்.
கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும்,
குறிப்புக் காட்டக் கூடாது,
இது எனக்கு விதி.
சீழ் வடிகிறதா? இல்லை.
தலைசுற்றல்? இல்லை.
தொண்ணூறு நாளுக்குள் திடீரென்று கேட்காமல் போனதா?
அவர்கள் ஊசிக்குழாய் உறையைக் கிழித்தபடி கேட்பார்கள்,
முடிக்கும் முன்னே நான் இல்லை என்பேன்.
இரண்டு பேரும் வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல.

ஏப்ரலில் ஏழாம் எண்,
கோலெட் டூபுல்ஸ்,
குழாயை மேசையில் வைத்துவிட்டுக் கேட்டாள்.
இல்லை என்றேன்.
அவள் அடுத்ததற்குப் போகவில்லை.
இடது காதருகே கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும்
நோட்டு எண்ணுவதுபோல் தேய்த்தாள்.
விரல் அசைவது ஓரக்கண்ணில் தெரிந்தது.
அவ்வளவுதான் தெரிந்தது.

பதினோரு நாள், என்றேன்.
காலையில் எழுந்தேன், போனை இந்தப் பக்கம் வைத்தேன்,
மறுமுனையில் ஆளே இல்லை.

யாரிடமும் சொல்லவில்லையா?

முப்பது டாலர் போய்விடுமே என்று
நான் சொல்லவில்லை.
அவளும் அதைக் கேட்கவில்லை.

குழாயின் மூடியைப் போட்டாள்.
"அச்சு எடுக்க மாட்டேன்.
இவர் டாக்டரிடம் போக வேண்டும், இன்றைக்கே."

தேர்வாளர் ஆர்லோ ஸ்வென்ட்சன்
மதிப்பெண் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
இருபத்திரண்டு கட்டங்கள்.
கை கழுவியதற்கு ஒன்று,
நூலின் முடிச்சுக்கு ஒன்று.
எடுக்காமல் விட்டதற்குக் கட்டம் கிடையாது.
அவளுக்கு முன்னால் வந்த ஆறு பேருக்கும்
பேனா தயங்கவே இல்லை,
அந்தக் காதில்தான் அவர்களும் எடுத்தார்கள்.
நடைபாதைக்குப் போய் யாருக்கோ போன் செய்தார்.
வலது காதில் மட்டும் எடுக்கலாமா?
கூடாதாம், படிவம் இரண்டு கேட்கிறது.
கடைசியில் எழுதினார்: முற்றுப்பெறவில்லை.
அக்டோபரில் திரும்ப வரலாம்.
கட்டணமும் திரும்ப.

ஆஸ்பத்திரிக்கு அவளுடைய காரிலேயே போனோம்.
ஓட்டுகிறவளுக்கு வலப்பக்கம் நான்,
அவள் பேசியதெல்லாம்
என் செத்த காதில் விழுந்தது.
பைன் ரிட்ஜ், நூறு மைலோ இருநூறோ,
பள்ளிப் பேருந்து ஓட்டும் அண்ணன்,
அவனுக்கு என்னவோ.
மிச்சத்துக்குத் தலையாட்டினேன்.
காது போனவன் முதலில் கற்றுக்கொள்வது அதைத்தான்,
பதினோரு நாளில் நான் தேறிவிட்டேன்.

பெட்ரோல் பங்க் ஓரம் நிறுத்தச் சொன்னேன்.
இறங்கிப் பின்சீட்டுக்கு மாறி
கதவில் முதுகைச் சாய்த்துக் குறுக்காக உட்கார்ந்து
நல்ல காதை அவள் பக்கம் கொடுத்தேன்.
இதற்குக் காசோலை வராது.

அண்ணனுக்கு என்ன ஆச்சு, என்றேன்,
முதலிலிருந்து சொல்.