பின்பக்கக் கணக்கு

பீக்கோ தீவில், கருங்கல் சுவர்முன்
ஒன்பது பேர்.
அன்றைக்குக் காற்று பலமாக இருந்திருக்க வேண்டும்;
தெயொலிந்தா அத்தையின் முக்காடு மட்டும்
படத்தைவிட்டு வெளியே போகப் பார்க்கிறது.

திருப்பினால் பெயர்கள் இல்லை, தேதி இல்லை.
பென்சிலில் யாரோ போட்ட கணக்கு:
சோளம் இரண்டு மூட்டை,
மண்ணெண்ணெய்,
திமிங்கில எண்ணெயில் நம் பங்கு,
கடைசியில் அழுத்திக் கோடிட்டு
'பல்தசார் இன்னும் தரவில்லை.'

எவன் பல்தசார்?
ஓரத்தில் தொப்பியோடு நிற்பவன் என்றாள் அம்மா.
அது பாதிரியாரின் குதிரைக்காரன் என்று
அடித்துச் சொன்னார் மாமா ஜசிந்து.
ஈஸ்டர் விருந்து, சூப் ஆறிப்போனது.
அதன்பின் ஏழு மாதம்
அக்காவும் தம்பியும் பேசவில்லை.

அமெரிக்கா போய்விட்டான் என்றார்கள்,
கடலோடு போய்விட்டான் என்றார்கள்.
கடன் வாங்கியவர்கள் போகிற இரண்டு ஊர்கள்.

நேற்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன்.
நடுவில், செருப்பில்லாமல் ஒருவன்.
எல்லோரும் காமிராவைப் பார்க்க
அவன் தன் கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.
மடங்காமல் நீட்டிக்கொண்டிருக்கும் சுண்டுவிரல்.

பூதக்கண்ணாடியைப் பிடித்திருந்த
என் சுண்டுவிரலும்
மடங்கியிருக்கவில்லை.

எவ்வளவு என்பதை மட்டும்
எழுதாமல் விட்டிருக்கிறார்கள்.