அரா

குட்டாய்சி விமான நிலையம், விடியற்காலை நாலு மணி.
முத்திரை குத்துகிறவள்
கொட்டாவியை முடித்துவிட்டுக் குத்தினாள்.

வாஜாவின் காரில் ஸ்டியரிங் வலப்பக்கம்.
ஜார்ஜியாவில் வண்டி ஓடுவதும் வலப்பக்கம்.
முன்னால் ஊரும் லாரியைத் தாண்ட
எதிரே பார்க்க வேண்டியவன் நான்.
"வருதா?" புருவத்தால் கேட்பார்.
"அரா" என்பேன்.
இல்லை என்பதற்கு அதுதான்,
எனக்குத் தெரிந்த ஒரே சொல்.
ஒருமுறை பஸ் வந்தது.
ஆமாம் என்பதற்குச் சொல் கிடைக்காமல்
அவர் தோளில் அடித்தேன்.

தேவாலயம் தெரிந்தால்
கையை எடுத்து மூன்று சிலுவை போடுவார்.
நான் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

சுராமியில் பெண்கள் சாலைக்கே வந்து
பட்டை மணக்கும் ரொட்டியை ஆட்டினார்கள்.
அப்புறம் கின்காலி:
கொழுக்கட்டைதான், உள்ளே கறி, கொதிக்கிற சாறு.
குடுமியைத் தின்னக் கூடாதாம்.
தட்டில் மீந்த குடுமிகளை வாஜா எண்ணினார்.
அவருக்குப் பதினெட்டு.
எனக்கு ஐந்து, சட்டையெல்லாம் சாறு.
உடம்பு சரியில்லையா என்று
நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

தோஹாவில் விமானம் மாறும்போது
நிலையத்துக்குள் ஓடும் ஆளில்லா ரயில்.
முன்கண்ணாடி ஓரம் போய் நின்றேன்.
எதிரே எதுவும் வரவில்லை.
யாரும் கேட்கவுமில்லை.