பத்துக்கு எட்டு

தை மாதமே தொடங்கிவிட்டது.
பொங்கல் வாழ்த்துப் பேனரில் மை காயுமுன்
செத்துப்போனார் தவிட்டுக்குருவி சபாபதி.
நாற்பது வருஷம் சிரிக்கவைத்த மனுஷனுக்குச்
சிரிக்காத படம் ஒன்று தேடிக் கிடைக்கவில்லை.
ஆட்டோ ஸ்டாண்டுக்காரர்கள் சொன்னார்கள்:
"சிரிச்ச மாதிரியே போடு கோமளா,
ரெண்டு பக்கமும் வெளக்கு மட்டும் ஏத்திடு."

பாலக்கோடு பஸ் ஸ்டாண்டு எதிரில்
அடகுக்கடை மாடியில் எங்கள் மெஷின்.
சதுர அடி பன்னிரண்டு ரூபாய்.
அழுகைக்குத் தள்ளுபடி இல்லை என்பார் முதலாளி.
அன்றைக்கு மட்டும் பத்து வாங்கினார்.

பங்குனியில் வில்லன் ருத்ரபதி.
எத்தனை பேரை எத்தனை கிணற்றில் தள்ளியிருப்பார்!
அவருக்குத்தான் தக்காளி மண்டிப் பெண்கள்
காசு போட்டுப் பேனர் வைத்தார்கள்,
கிலோ மூன்று ரூபாய்க்கு விழுந்த வாரத்தில்.
"நல்ல மனுசன், மூஞ்சிதான் அப்பிடி"
என்றாள் கூடை தூக்கும் சாலம்மா,
கூடப் படித்தவள் மாதிரி.

ஆடியில் பாடகி சியாமளவேணி.
ஓசூர் வண்டியில் தொடங்கிய சரணம்
பென்னாகரம் வண்டியில் முடிந்தது அன்று.
என் கல்யாண மண்டபத்தில் பாடினாள்.
விவாகரத்து வாங்கத் தருமபுரி கோர்ட்டுக்குப் போன
பஸ்ஸிலும் அவளே பாடினாள்,
அதே பாட்டு.
அவள் ஜிமிக்கியைத் துலக்க மட்டும்
அரைமணி நேரம் உட்கார்ந்தேன்.
யாரும் கேட்கவில்லை, யாரும் காசு தரவில்லை.

நடுவில் ஒரு நடிகை செத்துவிட்டதாகச் சொன்னார்கள்.
அச்சடித்த பிறகு
சாகவில்லை என்றார்கள்.
அந்தச் சுருள் இன்னும் பரண்மேல் இருக்கிறது,
அவள் நன்றாக இருக்கட்டும்.

ரேடியோவில் கிரிக்கெட் சொன்ன அருமைநாயகம்
எந்த மாதம் போனார், மறந்துவிட்டது.
அவர் முகம் ஊரில் யாருக்கும் தெரியாது.
ஒரு மைக் படத்தை வைத்து ஒப்பேற்றினோம்.

எல்லாரையும் தூக்கிக் கட்டியவன் தீர்த்தகிரி,
மாரண்டஹள்ளிக்காரன்.
பல்லிடுக்கில் கட்டுக்கம்பி.
"கோமளக்கா, நேரா இருக்கா?" என்பான் மேலிருந்து.
இடப்பக்கம் கொஞ்சம் எறக்கு என்பேன்.
பாடகியின் நெற்றி சரிந்து நிமிரும்.
பதினாறாம் நாள் அவிழ்த்துக்கொண்டு போவான்,
கூலியில் அதுவும் சேர்த்தி.
சபாபதி அவன் மாட்டுக்கொட்டகைக்குக் கூரை.
ருத்ரபதியை லாரிக்காரனுக்கு விற்றான்:
தக்காளிப் பெட்டிகளின் மேல் மழையில் நனைந்து
கிருஷ்ணகிரி டோல்கேட்டை முறைத்தபடி போனாராம்.

கார்த்திகையில், கம்பம் ஈரமாக இருந்த நாளில்,
யாரோ வட்டச் செயலாளரின் பிறந்தநாளுக்கு ஏறினான்.
மேலே போன வயரைப் பார்க்கவில்லை.
பேப்பரில் நாலு வரி,
ஊர்ப் பெயரில் எழுத்துப்பிழையோடு.

அவன் தம்பி வந்து செல்போனை நீட்டினான்.
ஆதார் அட்டைப் படம்.
பெரிதாக்கப் பெரிதாக்கக் கண்ணும் வாயும்
கட்டம் கட்டமாக உடைந்தன,
மண்டியில் அடுக்கிய பெட்டிகள் போல.
"வேற படம் இல்லையா?"
"எடுத்ததில்லக்கா."

இரவு பதினொன்று வரை என் போனைத் தோண்டினேன்.
ஆடி மாதத்தில் ஒன்று,
முதலாளிக்குக் கணக்குக் காட்ட எடுத்தது:
ஏணியில் அவன்,
சியாமளவேணியின் காதோரம் முனையைப் பிடித்தபடி
கீழே பார்க்கிறான்.
வாய் பாதி திறந்திருக்கிறது.
என்னைத்தான் கேட்கிறான்.

வெட்டி எடுத்தேன்.
வானத்தை, வங்கி போர்டை, வயரை அழித்தேன்.
தோளருகே ஒரு ஜிமிக்கி மிஞ்சியது.
அதை அழிக்கவில்லை.

கட்டுவதற்குப் புது ஆள் வந்தான்.
மேலே நின்று அவன் எதுவும் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.
இடப்பக்கம் கொஞ்சம் ஏறித்தான் இருந்தது
பதினாறு நாளும்.