தோன்றா எழுவாய்

பத்தாம் பக்கத்தில் நின்றுவிட்டேன்.
“எண்ணெய்க்குழாயின் இணைப்பு
உரிய அளவுக்கு இறுக்கப்படவில்லை.”
இலக்கணத்தில் பிழையில்லை.
செயப்பாட்டுவினைக்கு
வகுப்பில் முழுப்புள்ளி வாங்கியவள் நான்.

சீனக்குடாவில்
ஓடுபாதை முடிகிற இடத்தில் தண்ணீர் தொடங்கும்.
கயூரன் தனியாகப் பறந்த மூன்றாவது தரம்.
மேலெழுந்து நான்கு நிமிடம்,
பிறகு கிண்ணியாப் பக்கம் திரும்பி
இறங்கியது என்று எழுதினேன்.
வெட்டினேன்.
விழுந்தது.

உதுமாலெவ்வை தோணியில் நின்று வலை உதறிக்கொண்டிருந்தார்.
அறிக்கையில் அவர் மூன்றாம் சாட்சி.
அவர் சொன்னதைச் சிங்களத்துக்கு மாற்றியதும் நான்தான்.
“ரெண்டு தரம் செருமிச்சு ஐயா,
பிறகு பல்லைக் கடிச்ச மாதிரி ஒரு சத்தம்.
எண்ணெய் காஞ்சு என்ட மிசினும்
ஒருக்கா இப்பிடித்தான் நிண்டது.
ஆனா என்னட்டத் துடுப்பு இருந்திச்சு.”
கடைசி வரி தேவையில்லை என்றார்கள்.
விட்டுவிட்டேன்.

வெள்ளைக்காரன் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள்
நூற்றுக்கு ஒன்று குறைய
காட்டுக்குள் கிடக்கும் ஊர் இது.
இங்கேதான்
ஓர் இஞ்சின் எண்ணெய்க்கு விக்கிச் செத்தது.

ஐம்பது மணிநேரப் பரிசோதனைத் தாள்.
நாற்பத்தொரு கட்டம், நாற்பத்தொரு ‘சரி’,
எல்லாம் ஒரே சாய்வில்,
பேனை தாளைவிட்டு எழும்பவே இல்லை போல.
இறுக்கத்தை அளக்கிற சாவி
அந்தக் கிழமை முழுக்கத் திருத்தத்துக்கென்று
இரத்மலானையில் இருந்திருக்கிறது.
பற்றுச்சீட்டு பின்னிணைப்பு ஆறில் உண்டு.
சாவி இல்லை.
அளவு மட்டும் எழுதப்பட்டிருக்கிறது,
தசமதானத்தோடு.

தமிழ்ப் பிரதி வாங்க
தகப்பன் கோணாமலை வந்தார்.
மாவு ஆலையில் லொறி நிறுக்கிற வேலை;
மணிக்கட்டு மயிரில் இன்னும் வெள்ளை.
ஒவ்வொரு வரியையும் விரலால் தொட்டு வாசித்தார்.
பத்தாம் பக்கத்தில் விரல் நின்றது.
“பிள்ளை, இதில ஆள் எங்க?”

மூலத்தில் அப்படித்தான் இருக்கு, என்றேன்.

“ஒரு மூட்டை குறைஞ்சாலும்
என்ட கையெழுத்தைப் பாத்து
என்னைத்தான் கேப்பினம்.
இறுக்கப்படவில்லையாம்.
ஆர் இறுக்கேல்ல?”

அன்றிரவு அந்த வசனத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
இறுக்கினான் என்றால் ஒருவன் தெரிவான்.
இறுக்கினார்கள் என்றால் பலர்.
செய்தவரை எங்கள் வினைமுற்று காட்டிக்கொடுத்துவிடும்.
செய்யாதவரைக் காட்டிக்கொடுக்க
விகுதி இல்லை.
நான் இறுக்கவில்லை, நீ இறுக்கவில்லை,
அவன், அவள், அவர்கள், கம்பனி, அதிகாரசபை
ஒருவரும் இறுக்கவில்லை.
இல்லைக்குத் திணை இல்லை,
பால் இல்லை, எண் இல்லை, இடம் இல்லை.
கூரை விசிறி சுற்றுகிற சத்தத்தில்
செருமல் கேட்கிறதா என்று
கொஞ்ச நேரம் படுத்துக் கிடந்தேன்.

காலையில் அவர் வந்து வாங்கில் இருந்தார்.
மாற்றாத வசனத்தின் கீழ் முத்திரை குத்தினேன்.
“மூலத்துக்கமைய மொழிபெயர்க்கப்பட்டது.”
அதிலும் அதே வினை.
கீழே ஒரு கோடு.
வழமையாக அதில் சுருக்கொப்பம் கிறுக்குவேன்.
அன்றைக்கு முழுதாக எழுதினேன்.

அவர் கண்ணாடியை உயர்த்தி
வாய்விட்டு வாசித்தார்:
புவிராணி தில்லையம்பலம்.
இருபத்தாறு பக்கத்திலும்
மகனுடையதுக்கு அடுத்ததாக
அவருக்குக் கிடைத்த
ஒரே பெயர்.