பதினான்கு குறைவு

லீவு முடிவதற்குள் லாக்புக்கில் பத்துப் பேர்.
லாபிஸ் பசாரில் ஒன்பது கிடைத்தார்கள்:
முடிவெட்டும் அமிர்தகடேசனின் நுரையீரல்,
ரொட்டிக்கடை ஹமீதாவின் கணுக்கால்
(அழுத்திய பள்ளம் நிரம்ப எட்டு விநாடி),
நம்பர் கடை ஆ லியோங்கின் முழங்கால்,
இன்னும் சிலர்,
என் தம்பி, இரண்டு முறை, வேறு வேறு பெயரில்.

பார், தொடு, தட்டு, கேள்.
வயிற்றுக்கு மட்டும் வரிசை வேறு:
கேட்டுவிட்டுத்தான் தொட வேண்டும்,
தொட்டால் குடல் பேச்சை மாற்றிவிடும்.
லெக்சரர் இன்னொன்றும் சொல்லியிருந்தார்:
கண்டதை எழுது. பெயர் வைக்காதே.
பெயர் வைப்பது டாக்டர் வேலை.

பத்தாவது ஆள் வேதமாணிக்கம்,
செம்பனை ஆலையில் எடைமேடைக் கிராணி.
அவர் அறைக்குப் போக மேடையைக் கடந்தபோது
பலகையில் சிவப்பாக நாற்பது என்று எரிந்தது.
என் எடை நாற்பத்தேழு.
"அது இருபது இருபதாத்தான் எண்ணும் பிள்ள,
மனுசனுக்கு செஞ்சதில்ல" என்றபடி
சட்டைப் பொத்தானை அவரே கழற்றினார்.

மணிக்கட்டில் மூன்று விரல்.
கட்டைவிரல் கூடாது, அதற்குச் சொந்தத் துடிப்பு உண்டு.
ஒன்று. இரண்டு. மூன்று.
பிறகு ஒன்று சீக்கிரம் வந்தது,
ஒன்று வரவே இல்லை.
பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்குவதெல்லாம்
சீராகத் துடிப்பவர்களுக்கு.
இவருக்கு முழு நிமிடம் வேண்டும்,
இரண்டு பேர் வேண்டும்:
மார்பில் ஒருவர், கையில் ஒருவர், கடிகாரம் ஒன்றே.

கேட்டுக் காவலாளி தில்பகதூரைக் கூப்பிட்டேன்.
விரல் வைக்கும் இடத்தில் பேனாவால் புள்ளியிட்டேன்.
அவனுக்குத் தமிழ் வராது, எனக்கு நேபாளி வராது.
எண்ணுவது மலாயில் என்று முடிவாயிற்று.

ஆலை கேட்க விடவில்லை.
ஐந்தாம் விலா இடைவெளியில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தால்
காதில் துடித்தது டீசல் எஞ்சின்.
வேதமாணிக்கம் ஜன்னல் வழியே கையை நீட்டி
"மாத்தி எஞ்சின்! செமுவா!" என்று கத்தினார்.
குலை ஏற்றி நின்ற ஆறு லாரியும்
ஒவ்வொன்றாக அடங்கின.
கடைசி லாரி மட்டும் கொஞ்சம் இருமிவிட்டு.

மார்பில் தொண்ணூற்றெட்டு.
"லாப்பான் பூலோ எம்பாட்" என்றான் தில்பகதூர்.
எண்பத்து நாலு.
அவன் தப்பாக எண்ணியிருப்பான் என்று
இன்னொரு நிமிடம் கேட்டு வாங்கினேன்.
அவன் தப்பாக எண்ணவில்லை.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
தெரிந்த பெயர் ஒன்று நாக்கில் இருந்தது,
படிவத்தை நீட்டினேன்.
முப்பத்தொரு வருசம் இதே நாற்காலி.
தோட்டத்துச் சீட்டில் ஓர் எடை,
மேடையில் ஓர் எடை,
நடுவில் காணாமல்போன குலைகளுக்காக
எத்தனை டிரைவர்களை நிறுத்தி வைத்திருப்பார்.
இரண்டு எண்ணையும் பார்த்தார்.
"வழியில எங்க கொட்டுது?"
என்னிடம் கேட்கவில்லை. கையிடம் கேட்டார்.

முதலிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்விகளை
அப்போதுதான் கேட்டேன்:
மூச்சு வாங்குதா, தலை சுத்துதா?
"படி ஏறினா வாங்கும். ஆலைப் புகைன்னு விட்டுட்டேன்."
ஷிப்ட் முடியட்டும் என்றார்.
கிளினிக் ஐந்து மணிக்கு மூடும் என்றேன்.
ஷிப்ட் முடிவது ஏழுக்கு என்று
இரண்டு பேருக்கும் தெரியும்.

எழுந்தார்.
பழக்கதோஷத்தில் என் படிவத்தின் அடியில்
ஆலையின் சாப்பைக் குத்தினார்.
தேதி, நேரம்,
லாரி எண் என்ற இடம் மட்டும் காலி.
வெளியே ஹாரன்மேல் ஹாரன்.
தில்பகதூர் தன் மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து
உதடு அசைய இன்னும் எண்ணிக்கொண்டிருந்தான்.

ராத்திரி, தம்பிக்கு நான் வைத்த இரண்டாவது பெயரை
மை ஊறும்வரை அடித்தேன்.
லாக்புக்கில் இப்போது ஒன்பது பேர்.