கேஸ் பேப்பர்

"ராத்திரி தூக்கத்தில் சிரித்தாய்" என்றான் செல்வின்
மோரியில் நின்று பல் துலக்கியபடி.
புன்னகை இல்லையாம். சத்தமாக.
மேல்மாடி கதம் இருமலை நிறுத்திக் கேட்குமளவுக்கு.

எதற்குச் சிரித்தேன்?
சயான் சிக்னலில் நின்ற பஸ்ஸில் யோசித்தேன்.
கவுன்ட்டரில் யோசித்தேன்.
பதினாறு வருடமாகக் கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்து
பேரென்ன, வயசென்ன, என்ன செய்கிறது என்று
மூன்று பாஷையில் கேட்டு எழுதுகிறவள்,
எனக்கு நடந்ததில்
ஒரு வரி நிரப்ப முடியவில்லை.

ஈசிஜி எடுக்கும் நஸ்ரீன்தான் சொன்னாள்:
விழித்ததும் அசையாதே.
கண்ணைத் திறக்காதே.
எந்தப் பக்கம் படுத்திருந்தாயோ அந்தப் பக்கமே கிட.
கனவு உடம்பில்தான் ஒட்டியிருக்கும்,
புரண்டால் உதிர்ந்துவிடும்.

அசையாமல் கிடக்க எங்கே நேரம்?
நாலு நாற்பதுக்குத் தண்ணீர்.
குழாய் முதலில் காற்றைத்தான் துப்பும்.
அந்தக் கொர்ரென்ற சத்தத்துக்கே
ஆன்டாப் ஹில்லில் எங்கள் சந்து முழுக்க எழுந்துவிடும்.
டிரம் நிறையும்போது
தலை காலி.

ஆனாலும் தொடங்கினேன்.
தலையணைக்கடியில் பென்சில்
(மல்லாந்து எழுதினால் பேனா மக்கர் பண்ணும்),
தப்பாக அச்சடித்துக் கழித்த கேஸ் பேப்பர் ஒரு கட்டு,
பின்பக்கம் வெறுமை.
ஜெபம் முடித்து ஆமென் சொல்லி,
அதோடு சேர்ந்துவிடாதபடி கொஞ்சம் இடைவெளி விட்டு,
மூன்று தரம்:
காலையில் ஞாபகம் இருக்கும்.

முதல் நாள் எழுதியது: ஈரம்.
நாலாம் நாள்: ஏணி. "அப்புறம் கொடு" என்று யாரோ.
அதன்பின் ஒரு வாரம் ஒன்றுமில்லை.
பிறகு: மஞ்சள். எது மஞ்சள் என்று தெரியாது.

வாலைப் பிடித்து இழுத்தால் வராது.
கவுன்ட்டரில் மிரண்டு நிற்கிறவர்களிடம் கேட்பதுபோல்
குரலைத் தாழ்த்திக் கேட்க வேண்டும்,
கூட யார் வந்திருக்கிறார்கள்?
ஏணி சொன்னது, ஒரு சுவர் வந்திருக்கிறது.
சுவர் வெகுநேரம் பேசவில்லை.
பேசியபோது
ஈரம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தது.

மூன்றாம் வாரம், ஒன்றும் சொல்லாமல்,
செல்வின் தண்ணீர் பிடிக்க எழுந்தான்.
குழாய் வாயில் துணி கட்டியிருந்தான்,
காற்று கத்தாமலிருக்க.

தொல்லைகளும் உண்டு.
சீட்டுப் பணம் கொடுத்தாயிற்று என்று
எஸ்தரிடம் வாசலில் நின்று சண்டை போட்டேன்.
கொடுத்தது கனவில்.
ஆயிரத்து ஐநூறு ரூபாய், அதற்குமேல் ஒரு மன்னிப்பு.

பிறகு அந்தப் பெரிய கனவு.
ஏணி, சுவர், மஞ்சள், யார் கேட்டது, எதை அப்புறம் கொடுப்பது,
எதற்குச் சிரித்தேன் என்பது உட்பட
எல்லாம் விளங்கிவிட்டது.
விடாமல் எழுதினேன், இரண்டு பக்கம்,
என் பள்ளிக்கூடக் கையெழுத்தில்.
அப்புறம்தான் விழித்தேன்.
தாள் வெள்ளை.
பென்சில் தலையணைக்கடியில், நேற்றுச் சீவிய முனையோடு.

"நேற்றும் சிரித்தாய்" என்றான் செல்வின்.
"எப்படி இருந்தது?" என்றேன்.
யோசித்தான்.
"யாரோ ஒரு பொம்பிளை சிரிக்கிறமாதிரி."

இன்று மதியம் ரயில்வே போலீஸ் ஒருவரைக் கொண்டுவந்தது.
மாட்டுங்காவுக்கும் தாதருக்கும் நடுவே கிடந்தவர்,
மூச்சு இருந்தது, பேச்சு இல்லை.
இதற்கெல்லாம் வழக்கம் இருக்கிறது.
பெயர் தெரியவில்லை என்று போட வேண்டும்.
வயதைச் சுமார் என்று போட வேண்டும்.
கூட வந்தவர், கொண்டுவரப்பட்ட நிலை.
தெரியாத ஆளுக்கும் ஒரு நம்பர் உண்டு,
ஒரு கட்டில் உண்டு.

ஸ்ட்ரெச்சர் போனதும்
கழித்த தாள் ஒன்றை எடுத்தேன்.
இந்தமுறை பின்பக்கம் திருப்பவில்லை.
கட்டங்களுக்குள்ளேயே எழுதினேன்:

பெயர் தெரியவில்லை.
பெண். வயது சுமார் நாற்பத்துமூன்று.
கூட வந்தவை: ஏணி ஒன்று, சுவர் ஒன்று.
கொண்டுவரப்பட்டபோது
சிரித்துக்கொண்டிருந்தார்.